300ஆம் சாவடி, விடிய மூன்றரை மணி: பெத்லகேமில் வேலைக்குப் போகும் சனத்தை எண்ணிய மூன்று மாதம்

#1 வடலி

உறவுகளுக்கு வணக்கம். போன கிழமை இன்னொரு இழையில் ஒருவர், "காஸாவில் போர், சரி. மேற்குக் கரையில் என்ன குறை? சனம் இஸ்ரேலுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டுதானே இருந்தது?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனி இழை.

2018 கடைசியில் மூன்று மாதம் நான் பெத்லகேமில் இருந்தேன். 1967இலிருந்து இஸ்ரேல் இராணுவத்தின் பிடியில் இருக்கிற பலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் இருக்கிறது அந்த ஊர். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் தன்னார்வலராக நோர்வேயிலிருந்து போனேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோடு கூட நடப்பது, ஆடு மேய்ப்பவர்களோடு நிற்பது, சோதனைச்சாவடியில் நின்று நடப்பதை எழுதுவது, இவ்வளவுதான் வேலை. எதையும் தடுக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்லை.

பெத்லகேமின் வடக்கு ஓரத்தில், ராகேலின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது இஸ்ரேல் இராணுவத்தின் 300ஆம் சோதனைச்சாவடி. அந்தப் பக்கம் ஜெருசலேம். எட்டு மீட்டர் உயரக் கொங்கிறீற் சுவர். சுவரோடு ஒட்டி, இரும்புக் கம்பி அடைத்து மேலே தகரம் போட்ட ஒடுங்கிய நீளப் பாதை. ஆடுமாடு ஏற்றுகிற பாதை மாதிரி என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் அங்கே நின்ற ஆட்களே அப்படித்தான் சொன்னார்கள்.

நாங்கள் விடிய மூன்றரைக்குப் போவோம். அதற்கு முன்பே பாதை நிறைந்திருக்கும். சனம் பெத்லகேமிலிருந்து மட்டும் வருவதில்லை. ஹெப்ரோன், யட்டா, தூரா என்று தெற்கே இருக்கிற ஊர்களிலிருந்து வான் பிடித்து வருவார்கள். அப்படியென்றால் எத்தனை மணிக்கு எழும்பியிருக்க வேண்டும்? ஒன்றரை, இரண்டு. வாசல் நாலு மணி வாக்கில் திறக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் மோசம், அங்கே கிழமை தொடங்குவது ஞாயிறில். ஒரு விடியலில் நாலாயிரம் பேரைத் தாண்டும் நாட்கள் உண்டு.

என் கையில் ஆள் எண்ணுகிற ஒரு சின்னக் கருவி. பெருவிரலால் ஒரு அழுத்து, ஒரு ஆள். முதல் கிழமை எனக்கு அது பெரும் வெட்கமாக இருந்தது. மனிதர்களை இலக்கமாக அழுத்திக்கொண்டு நிற்கிறேனே என்று. இரண்டாம் கிழமை ஒரு வயதானவர் கம்பிக்குள்ளிருந்து என் கையை எட்டிப் பார்த்து, "இன்றைக்கு நான் எத்தனையாவது?" என்று கேட்டார். சொன்னேன். அந்த இலக்கத்தை அரபியில் திருப்பிச் சொல்லிக்கொண்டே போனார். அடுத்த நாளும் கேட்டார். பிறகு எண்ணுவதில் எனக்கு வெட்கம் வரவில்லை.

முதலில் ஒரு சுழல்கதவு. ஆள் உயரத்துக்கு இரும்புக் கைகள் சுழல்கிற கதவு, சிப்பாய் பொத்தானை அமத்தினால்தான் சுழலும். அரபியில் அதை "மஆத்தா" என்கிறார்கள். கோழிக்கு இறகு பிடுங்குகிற மெசினுக்கு அதே பெயர்தான். அதைத் தாண்டினால் வெளி, பிறகு கட்டடம், பைக்கு எக்ஸ்ரே, ஆளுக்கு உலோகச் சோதனை வளைவு. இடுப்புப் பட்டியைக் கழற்றி, அடையாள அட்டையும் அனுமதிப் பத்திரமும் ஒரு கையில், சாப்பாட்டுப் பை மறு கையில். பட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடக்கிற ஆட்களை நூற்றுக்கணக்கில் பார்த்தேன். ஐம்பது வயது மேசன், பேரப்பிள்ளை கண்ட ஆள், வாயில் தன் இடுப்புப் பட்டியோடு ஒரு இருபது வயதுப் பொடியனுக்கு முன்னால் நிற்கிறார். அந்தப் பொடியன் கண்ணாடிக்குப் பின்னால், பெரும்பாலும் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

கடைசியில் விரல் அடையாளம், அட்டை. பிறகு வெளியே ஓட்டம். நடப்பதில்லை, ஓட்டம்தான். முதலாளியின் வான் நிற்கும், அல்லது ஜெருசலேமின் டமாஸ்கஸ் வாசலுக்குப் போகிற 234ஆம் இலக்க பஸ். வான் போய்விட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

நான் அங்கே விளங்கிக்கொண்டது ஒன்று. சில நாள் இருபது நிமிடத்தில் தாண்டலாம். சில நாள் இரண்டு மணித்தியாலம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சோதனைப் பாதை திறந்திருக்கும், பிறகு மூடும், காரணம் சொல்லமாட்டார்கள். இருபது நிமிடம் என்று தெரிந்தால் ஆள் ஐந்து மணிக்கு வரலாம், வீட்டில் படுக்கலாம். தெரியாததால் எல்லோரும் எல்லா நாளும் மோசமான நாளுக்குத் தயாராக வந்தார்கள். அந்த இரவுத் தூக்கத்தை எடுத்தது காத்திருப்பு இல்லை, காத்திருப்பின் அளவு தெரியாததுதான்.

#2 நெல்லை_தாத்தா

தங்கச்சி, படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் 2015ல புனித பயணம் போனவன். எங்க சபையில இருந்து நாப்பது பேர். ஜெருசலேம்ல தங்கி, ஒரு நாள் பெத்லகேம். பிறப்பிட ஆலயம் பார்த்தோம், மேய்ப்பர் வயல் பார்த்தோம், ஒலிவ மரத்துல செஞ்ச சிலுவை வாங்கினோம்.

திரும்பும்போது நீங்க சொல்ற அந்த இடம்தான்னு நினைக்கிறேன். உசரமான சுவரு. எங்க வண்டி ஒரு நிமிஷம் நின்னுச்சு. ஒரு பொண்ணு, ராணுவ உடுப்புல, துப்பாக்கியோட ஏறி, இந்தியாவான்னு கேட்டுச்சு. ஆமான்னோம். சிரிச்சிட்டு இறங்கிருச்சு. பாஸ்போர்ட்டைக் கையில கூட வாங்கல. "எவ்வளவு மரியாதையா நடத்துறாங்க பாரு"ன்னு நான் பக்கத்துல இருந்தவர்கிட்ட சொன்னது இப்ப ஞாபகம் வருது. அதே சுவத்துக்கு அந்தப் பக்கம் கம்பிக்கூண்டு இருக்குன்னு எங்க கைடும் சொல்லல, நாங்களும் கேக்கல.

அந்த ஊர்ல பொறந்தவனுக்கு ரெண்டு மணி நேரம், எனக்கு ஒரு நிமிஷம். மனசு கேக்க மாட்டேங்குது.

#3 தூக்குகுண்டு

அக்கா வணக்கம். நான் கொத்து வேலை, டைல்ஸ் வேலை பாக்குறவன், செங்கல்பட்டு பக்கம். நாங்களும் விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு ரயிலைப் புடிச்சுதான் சென்னைக்கு சைட்டுக்குப் போவோம். அதனால எழுந்திரிக்கிறது எனக்குப் புதுசு இல்ல. ஆனா ரயில் வரும்னு தெரியும்.

ரெண்டு கேள்வி. இவ்வளவு கஷ்டப்பட்டு அந்தப் பக்கம் போற அளவுக்குக் கூலி எவ்வளவு வித்தியாசம்? பர்மிட்னு சொல்றீங்களே, அது யார் கொடுக்கிறது, காசு உண்டா?

#4 வடலி

நெல்லை ஐயா, நீங்கள் உங்களை நோக வேண்டாம். அந்த வாகனப் பாதையில் போகிற யாருக்கும் கம்பிப் பாதை தெரியாது. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

தூக்குகுண்டு தம்பி, மேற்குக் கரைக்குள் கிடைக்கிற நாட்கூலியைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் அந்தப் பக்கம் கிடைத்தது. அதுவும் உள்ளே வேலையே குறைவு. அதனால் படித்த பொடியங்களும் சீமெந்து குழைக்கப் போனார்கள். 2023 ஒக்டோபருக்கு முன், அனுமதியோடும் இல்லாமலும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பாதிக்கு மேல் கட்டட வேலை.

அனுமதிப் பத்திரத்துக்குப் பெயர் "தஸ்ரீஹ்". முதலாளி விண்ணப்பிக்க வேண்டும், இராணுவ நிர்வாகம் "பாதுகாப்புத் தடை இல்லை" என்று விட வேண்டும். குறிப்பிட்ட வயதும் கல்யாணமும் கேட்ட காலம் நீண்டது. யாருக்காவது தடை விழுந்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். ஒரு அண்ணன் கைதானால் தம்பிமாருக்கும் தடை விழுந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

காசு? சட்டப்படி தொழிலாளி அனுமதியைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. நடப்பு வேறு. 2020 கடைசி வரை கட்டட வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. முதலாளி தனக்குத் தேவைக்கு மேல் அனுமதி எடுத்து, "சிம்சார்" என்கிற தரகர் மூலம் விற்பார். மாதம் 2000 முதல் 2500 ஷெக்கல் (இஸ்ரேல் காசு). மாதம் ஆறாயிரம் உழைத்த ஆள் அதில் மூன்றில் ஒன்றோ அதற்கு மேலோ வேலை செய்கிற உரிமைக்கே கொடுத்தார். பத்திரத்தில் ஒரு முதலாளி பெயர், வேலை செய்வது வேறு ஒருவரிடம். விழுந்து காலை முறித்தால் யாரிடம் நட்டஈடு கேட்பது?

2020 டிசம்பரில் விதியை மாற்றினார்கள், தொழிலாளி முதலாளி மாறலாம் என்று. தரகு வியாபாரம் நிற்கவில்லை.

#5 அகிலன்_கோவை

வடலி, நேரில் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு பக்கம் விடுபடுகிறது. 2000 முதல் 2005 வரை ஜெருசலேமிலும் டெல் அவிவிலும் பஸ்ஸில், உணவகத்தில், காபிக்கடையில் வெடித்த குண்டுகளில் நூற்றுக்கணக்கான சாதாரண மனிதர்கள் செத்தார்கள். 2002ல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள், அதற்குப் பிறகு தற்கொலைத் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. ஒரு அரசு தன் ஜனங்களைக் காப்பாற்ற வாசலில் சோதனை போடுவது தவறா? ஏர்போர்ட்டில் நாமும்தான் பெல்ட்டைக் கழற்றுகிறோம்.

இன்னொன்று. 2019ல் அந்த 300ஆம் சாவடியையும் ரமல்லா பக்கத்துக் கலந்தியா சாவடியையும் புதுப்பித்து, அட்டையை வைத்து முகத்தைக் காட்டினால் திறக்கிற தானியங்கிக் கதவுகள் போட்டார்கள். காத்திருப்பு நன்றாகக் குறைந்தது என்று படித்தேன். நீங்கள் சொல்வது பழைய கதை இல்லையா?

#6 மதுரை_யாழினி

அகிலன் சார், ஏர்போர்ட் ஒப்புமைதான் எனக்கு இடிக்கிறது. ஏர்போர்ட்டுக்கு நாம் வருஷத்துக்கு ஒருமுறை போகிறோம், வேறு தேசத்துக்குப் போகிறோம். இந்தச் சாவடி எங்கே நிற்கிறது? இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் இடையிலான 1949 போர்நிறுத்தக் கோட்டில் நிற்கவில்லை, அதற்கு உள்ளே பெத்லகேம் பக்கம் தள்ளி நிற்கிறது. சுவரின் திட்டமிட்ட நீளம் சுமார் 712 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 85 சதவீதம் மேற்குக் கரைக்குள்ளேயே ஓடுகிறது. சுவர் உள்ளே வளைந்து போவதால் யூதக் குடியிருப்புகள் அந்தப் பக்கம் சேர்ந்துகொள்கின்றன, கிராமத்து விவசாயியின் தோட்டம் அவன் கைக்கு எட்டாமல் போகிறது. 2004 ஜூலை 9 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் இந்தச் சுவர் சட்டவிரோதம் என்றது அதனால்தான். தன் எல்லையில் ஒரு நாடு சுவர் கட்டக் கூடாது என்று அது சொல்லவில்லை. 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் ஆக்கிரமிப்பே சட்டவிரோதம் என்று சொன்னது.

சோதனைக்கும் குண்டுக்கும் முன்பே அனுமதி முறை வந்துவிட்டது என்பதையும் பாருங்கள். 1967க்குப் பிறகு இஸ்ரேலியக் கட்டுமானமும் விவசாயமும் மேற்குக் கரை, காஸா உழைப்பில் வளர்ந்தன. 1972லிருந்து ஒரு பொது அனுமதி இருந்தது, ஆட்கள் பகலில் போய் வந்தார்கள். 1991 வளைகுடாப் போரின்போது அதை ரத்து செய்து ஆளுக்கு ஆள் அனுமதி என்றாக்கினார்கள். 1993 மார்ச்சில் பொது அடைப்பு, அனுமதி இல்லாத யாரும் தாண்டக் கூடாது என்று. முதல் தற்கொலைக் குண்டுகள் வெடித்தது அந்த அடைப்புக்குப் பிறகு. சுவர் வந்தது அதற்கும் பல வருஷம் கழித்து.

சுழல்கதவு பற்றியும் ஒன்று. இஸ்ரேலுக்குள் ரயில் நிலையத்திலோ நீச்சல்குளத்திலோ இருக்கும் சுழல்கதவின் கை 75 முதல் 90 சென்டிமீட்டர். மேற்குக் கரைச் சாவடிகளுக்கு ராணுவம் கேட்டு வாங்கியது 55 சென்டிமீட்டர். உடம்போடு ஒட்டி அழுத்த வேண்டும் என்பதற்காக. பையோடு போகிறவரும் குழந்தையைத் தூக்கிப் போகிறவரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சில சென்டிமீட்டரில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

#7 குவைத்_பாலா

நடுவில் ஒரு சந்தேகம். பெண்கள் இந்தக் கூட்டத்தில் எப்படிப் போகிறார்கள்? உடம்பு சரியில்லாதவர்கள்?

#8 வடலி

பாலா, "மனிதாபிமான வாசல்" என்று ஒன்று பக்கத்தில் இருந்தது. பெண்கள், வயதானவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு. திறக்கிற நேரம் பலகையில் எழுதியிருக்கும். பல நாள் அந்த நேரத்துக்குத் திறக்காது. அப்போது எங்கள் வேலை இராணுவத்தின் உதவி இலக்கத்துக்குப் போன் அடிப்பது. "திறப்போம்" என்பார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிப்போம்.

ஒரு நாள் மழை. ஒரு தாய், மூன்று வயது வரும் பிள்ளை, பிள்ளைக்குத் தலையில் மயிர் இல்லை. ஜெருசலேமில் அகஸ்தா விக்டோரியா ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றப் போகிறார்கள். மேற்குக் கரையின் பல பிள்ளைகளுக்கு அங்கேதான் வைத்தியம். வாசல் பூட்டு. நான் நாலு தரம் போன் அடித்தேன். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார், வரிசை அப்படியே பின்னால் நெளிந்து, நெருக்கத்துக்குள் ஒரு இடைவெளி விட்டது. இரண்டு மணிக்கு எழும்பி வந்த ஆட்கள், வான் போய்விடுமோ என்று பதைத்த ஆட்கள். அவர்கள்தான் வழி விட்டார்கள். பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றித் தலைக்கு மேலே தூக்கி முன்னுக்கு விட்டார்கள். தாய் பின்னால் போனாள். அன்றைக்கு எண்ணுகிற கருவியை அமத்த மறந்துவிட்டேன்.

அதே வரிசையில் அடிபிடியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பின்னால் வந்த இளம் பொடியங்கள் கம்பியில் ஏறி, தகரத்துக்குக் கீழே ஆட்களின் தலைக்கு மேலாகப் போய் முன்னால் குதிப்பார்கள். வயதானவர்களுக்கு விலா நோகும், திட்டு விழும். 2014 ஜனவரியில் துல்கர்ம் பக்கத்துக் கடவை ஒன்றில் இப்படி நெரிசலில் ஒரு தொழிலாளி செத்தார், அறுபதை நெருங்கிய ஆள்.

அகிலன், உங்கள் கேள்விகள் நேர்மையானவை. குண்டு வெடித்துச் செத்த சனத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஈழத்தில் என் பிள்ளைக்காலம் அப்படியான சத்தத்தில்தான் போனது. ஆனால் பாதுகாப்புதான் காரணம் என்றால் ஒரு விஷயத்துக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பல வருடமாக வேலியில் ஓட்டைகள் இருந்தன. அனுமதி இல்லாத ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒவ்வொரு நாளும் அதற்குள்ளால் வேலைக்குப் போனார்கள். மறுபக்கம் வான்கள் வெளிப்படையாக நின்று ஏற்றின. இராணுவத்துக்குத் தெரியாமல் இல்லை. 2022இல் இஸ்ரேலுக்குள் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகுதான் ஓட்டைகளை அடைக்கத் தொடங்கினார்கள். அனுமதி இருக்கிற ஆளை, விரல் அடையாளம் கொடுத்த ஆளை, நாற்பது தரம் விசாரித்த ஆளை இரண்டு மணித்தியாலம் கூண்டில் நிறுத்துவது யாரைக் காப்பாற்றுகிறது?

2019 மாற்றம் பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் வந்த பிறகு அங்கே இருந்த தோழர்கள் எழுதினார்கள், பல நாட்களில் சில நிமிடத்தில் தாண்டுகிறார்கள் என்று. எனக்குச் சந்தோஷம். ஒரு மணித்தியாலம் கூடப் படுக்க முடிந்தால் அது பெரிய காரியம். அதோடு ஒன்று விளங்கியது: வேண்டுமென்றால் அவ்வளவு காலமும் குறைத்திருக்கலாம். தொழில்நுட்பம் புதிது இல்லையே.

ஆனால் கதவுதான் வேகமானது, அனுமதி அதேதான். அட்டையை வைத்தால் சிவப்பு விழும். ஏன் என்று கேட்க ஆள் இல்லை, மெசின்தான். அனுமதி இருக்கிறதா என்று பார்க்க "அல்-முனஸ்ஸிக்" என்று ஒரு செயலி கொண்டுவந்தார்கள். அது போனில் இருக்கிற இடம், கோப்பு எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டது. இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு ஒன்று நீதிமன்றம் போன பிறகு விதிமுறைகளைத் திருத்தினார்கள்.

#9 அகிலன்_கோவை

வேலி ஓட்டை விஷயம் எனக்குத் தெரியாது. யோசிக்க வைக்கிறது. சோதனையே கூடாது என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை, ஆனால் அந்தக் குழந்தை விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இஸ்ரேலியர்கள் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லையா? அங்கே பத்திரிகைகள் இருக்கின்றன, நீதிமன்றம் இருக்கிறது.

#10 வடலி

கேட்கிறார்கள். "மக்சோம் வாட்ச்" என்று இஸ்ரேலியப் பெண்கள் அமைப்பு, 2001இல் தொடங்கியது. மக்சோம் என்றால் எபிரேயத்தில் தடுப்பு, சாவடி. பலஸ்தீனச் சனமும் பேச்சில் அதே சொல்லைத்தான் "மஹ்சூம்" என்று சொல்லும். உங்களை அடைக்கிற கதவுக்கு அடைக்கிறவனின் மொழியில் பெயர் சொல்லிப் பழகிப் போயிருப்பது எனக்கு மிகவும் நொந்தது. ஈழத்தில் எங்களுக்கும் காவல்சாவடிக்கு "சென்றி" என்ற சொல் அப்படித்தான் வாயில் ஒட்டியது.

அந்தப் பெண்கள் பலர் அறுபது எழுபது தாண்டியவர்கள். விடியலில் காரோட்டி வந்து, மறுபக்கத்தில் நிற்பார்கள். எபிரேயம் தாய்மொழி என்பதால் சிப்பாயிடம் நேரே கதைப்பார்கள். தடை விழுந்த தொழிலாளிகளுக்கு மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள், சில தடைகள் அப்படியே நீங்கியும் இருக்கின்றன. இருபது வருடத்துக்கு மேலான அவர்களின் நாட்குறிப்புகள்தான் இன்றைக்கு இந்தச் சாவடிகளைப் பற்றி இருக்கிற பெரிய பதிவு. நாங்கள் எண்ணிய இலக்கங்களும் ஐ.நா. அலுவலகங்களுக்குப் போகும். அதனால் கதவு அகலமானதா என்று கேட்டால், 2019 மாற்றத்துக்கு எது காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாங்கள் நிற்கிற நாளில் கத்தல் குறைவு என்று அந்தச் சனம் சொன்னது. அதற்காகவே நின்றிருப்பேன்.

ஒரு சொந்தக் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சாவடியிலும் முகமாலைச் சாவடியிலும் பொதியை அவிழ்த்துக்கொண்டு வரிசையில் நின்ற ஆள் நான். அதனால் எனக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் பெத்லகேம் போனேன். தெரியவில்லை. நான் வருடத்துக்கு இரண்டு தரம் தாண்டினேன். அவர்கள் கிழமைக்கு ஆறு நாள், இருபது வருடம்.

#11 தூக்குகுண்டு

அக்கா, இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

2024 ஆரம்பத்துல எங்க மேஸ்திரி ஒரு வீடியோ அனுப்பினாரு. இஸ்ரேல்ல கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, மாசம் ஒண்ணே கால் லட்சத்துக்கு மேலன்னு. ஹரியானாவுல, உ.பி.ல பசங்க ஆயிரக்கணக்குல வரிசையில நிக்கிறாங்க. சென்ட்ரிங், கம்பி வளைக்கிறது, டைல்ஸ், பூச்சு வேலை, இந்த நாலுக்கும் ஆள் வேணும். எனக்கு டைல்ஸ் தெரியும், பூச்சும் தெரியும். கடன் மூணு லட்சம் இருக்கு. ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட போன்ல பேசினேன், பாஸ்போர்ட்டும் எடுத்தேன். வீட்டுல போர் நடக்குற ஊருக்கா போறன்னு அழுதாங்க, அதனாலதான் விட்டேன்.

அந்த வேலை எப்படித் திடீர்னு காலியாச்சுன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல. இப்ப உங்க எழுத்தைப் படிச்ச பிறகுதான் புரியுது, நான் போயிருந்தா யாரோட இடத்துல நின்னிருப்பேன்னு. போனவங்களை நான் தப்பு சொல்லல. வயித்துக்குத்தான் போனாங்க. அவங்க இப்ப என்ன பண்றாங்க, நீங்க எண்ணின ஆளுங்க?

#12 மதுரை_யாழினி

அண்ணா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி. இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டது 2023 மே மாதம், போருக்கு முன்பே: 42,000 இந்தியத் தொழிலாளர்கள், அதில் 34,000 கட்டுமானத்துக்கு. அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரை அனுமதிகள் நிறுத்தப்பட்டதும் அவசரம் கூடியது. 2024 ஏப்ரலில் முதல் குழு விமானம் ஏறியது, அந்த வருஷக் கடைசிக்குள் சுமார் 16,000 பேர். இலங்கையிலிருந்தும் விவசாய வேலைக்கு ஆள் போனார்கள். மேற்குக் கரையில் 2024ல் வேலை தேடியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை.

#13 வடலி

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன். உங்கள் கடனும் அவர்கள் கடனும் ஒன்றுதான், அதில் யாருக்கும் யாரும் எதிரி இல்லை.

அங்கே இப்போது விடியலில் அந்தக் கம்பிப் பாதை கிட்டத்தட்ட வெறுமை என்கிறார்கள். கோப்பி வண்டில் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர், என்னை "யா பின்தி" (மகளே) என்று கூப்பிட்டு ஏலக்காய் போட்ட கோப்பிக்குக் காசு வாங்க மறுத்தவர், வண்டிலை விற்றுவிட்டாராம். எள்ளு ஒட்டின வளைய ரொட்டி விற்ற பொடியன் எங்கே என்று தெரியவில்லை. சிலர் ஏணி வைத்துச் சுவரேறிக் குதிக்கிறார்கள். கால் முறிகிறது, சூடு விழுந்து செத்தவர்களும் உண்டு. மேற்குக் கரைக்குள்ளேயே ஊருக்கு ஊர் போவது கடினமாகிவிட்டது: 2025 தொடக்கத்தில் ஐ.நா. எண்ணிய தடைகள் 849.

என்னிடம் இன்றைக்கும் வட்ஸ்அப்பில் கதைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் தொழில்தான், டைல்ஸ். யட்டா பக்கம். மூன்று பிள்ளை. "இன்றைக்கு நான் எத்தனையாவது?" என்று கேட்ட பெரியவரின் மருமகன். வேலை நின்று முதல் வருடம் மனைவியின் நகை போனது, பிறகு வான் போனது. இப்போது மாமனாரின் ஆட்டைப் பார்க்கிறார், ஒலிவ் காலத்தில் காய் பறிக்கிறார், யூதக் குடியேறிகள் விட்டால்.

#14 தூக்குகுண்டு

அவரு சாமானெல்லாம்? ரசமட்டம், கட்டர், ரப்பர் சுத்தியல் எல்லாம் வச்சிருப்பாரே. உள்ளூர்ல சின்னச் சின்ன வேலையாவது எடுக்கலாமே.

#15 வடலி

சாவடிக்குள்ளால் கருவி கொண்டுபோக விடமாட்டார்கள், தம்பி. கத்தி, வெட்டுகிற சாமான் எதுவும் ஆகாது. அதனால் எல்லோரும் கருவிகளைக் கட்டடத்திலேயே ஒரு பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து போவார்கள். 2023 ஒக்டோபர் 5, வியாழக்கிழமை, அவரும் அப்படித்தான் பூட்டிவிட்டு வந்தார். ஞாயிறு போகலாம் என்று. பெட்டியின் திறப்பு (சாவி) இன்னும் அவரிடம் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினார்.

#16 தூக்குகுண்டு

என் பெட்டி இப்ப பல்லாவரத்துல ஒரு மூணாவது மாடியில பூட்டிக் கிடக்கு அக்கா. நாளைக்குக் காலையில போய்த் திறப்பேன்.

அவருகிட்ட கேளுங்க, கட்டர் என்ன சைஸ் வச்சிருந்தாருன்னு. ரெண்டடி டைல்ஸுக்கு நான் நீளக் கட்டர்தான் வச்சிருக்கேன், பிளேடு மாத்துற மாதிரி. அவரு எப்படி வெட்டுவாருன்னு தெரிஞ்சுக்கணும்.